உடற்றொழிலியலுக்குக் கற்றல் பேறு: தொகுதிவாரியாகவா, கருத்துவாரியாகவா?

கண்டியில் நாங்கள் நடத்தும் இளமாணி முதலாம் ஆண்டு உடற்றொழிலியல் பாடத்தைத் திருத்தியபோது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பழகிய வழி: இதயம், நுரையீரல், சிறுநீரகம், ஓமோன் என்று தொகுதி தொகுதியாகக் கற்றல் பேறுகளை, அதாவது பாடம் முடியும்போது மாணவர் செய்யக்கூடியவராக இருக்க வேண்டியவற்றை, அடுக்குவது. மற்றது, எல்லாத் தொகுதிகளிலும் ஓடும் சில கருத்துகளை (உடலின் உள்நிலையை ஏறக்குறைய மாறாமல் காக்கும் ஒருசீர்த்திடநிலை; அமுக்கமோ செறிவோ கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு, அதாவது படித்திறன் வழியே, பாய்ச்சல்; கலங்களுக்கிடையிலான தொடர்பு) எடுத்து அவற்றைச் சுற்றி எழுதுவது. நாங்கள் எடுத்தது இரண்டாவது. ஆகவே இந்த அலசல் நடுநிலையானது அல்ல.

தொகுதி வழியின் வசதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். பாடநூலோடு ஒத்துப்போகும், விரிவுரை அட்டவணை தானாக வந்துவிடும், உயர்தர உயிரியல் படித்து வரும் பிள்ளைகளுக்கும் அந்நியமாக இராது.

சிக்கல் வினாத்தாள் போடும்போதுதான் தெரியும். "குருதி அமுக்கத்தை உணரும் வாங்கிகளின் இடங்களைக் குறிப்பிடுவர்" என்பது பேறு என்றால், பெருநாடி வில், கழுத்து நாடி என்று எழுதியவருக்கு முழுப் புள்ளி. அதையே "குருதி இழந்த ஒருவரில் நிகழும் மாற்றங்களை எதிர்வுகூறிக் காரணம் காட்டுவர்" என்று எழுதிப் பாருங்கள். இதயம் ஏன் வேகமாக அடிக்கிறது, தோல் ஏன் வெளிறுகிறது, சிறுநீர் ஏன் குறைகிறது என்று மூன்று அத்தியாயங்களைக் கோத்தால்தான் விடை வரும்.

பாய்ச்சலும் அப்படித்தான். அமுக்க வேறுபாடும் தடையும் சேர்ந்து பாய்ச்சலைத் தீர்மானிக்கின்றன. சீரான பாய்ச்சலில் குழாயின் ஆரை பாதியானால் தடை 16 மடங்காகும். இந்த ஒரு பேற்றை வைத்துப் புன்னாடி எனும் மிகச் சிறிய நாடியையும் கேட்கலாம், ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயையும் கேட்கலாம்.

எனக்குப் பிடித்த வினா நுவரெலியாவைப் பற்றியது. கொழும்பிலிருந்து 1868 மீற்றர் உயரத்துக்கு வருகிறவர் இழுக்கும் காற்றில் ஒட்சிசன் வீதம் குறைவா? இல்லை, அங்கேயும் 21 வீதம்தான். வளியமுக்கம்தான் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்காகிறது. அப்படியென்றால் குருதியின் ஈமோகுளோபினில் ஒட்சிசன் நிரம்பல் ஏன் பெரிதாக விழவில்லை? ஒட்சிசன் அமுக்கத்தோடு நிரம்பல் மாறுவதைக் காட்டும் வளையியின் மேற்பகுதி ஏறக்குறையத் தட்டையாக இருப்பதால். அந்தக் குளிரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளே இங்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. மனப்பாடம் உதவாது.

வினைச்சொல்லை மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கற்றல் இலக்குகளை நினைவுகூர்தல் முதலான படிகளாக அடுக்கும் புளூமின் வகைப்பாடு 1956இல் வந்து 2001இல் திருத்தப்பட்டது. அதிலிருந்து "பகுப்பாய்வு செய்வர்" என்று ஒரு சொல்லை எடுத்து ஒட்டுவது சுலபம். கீழே வினா பெயர்ப்பட்டியலைக் கேட்டால் அது வெறும் அலங்காரம். அதனால் ஒவ்வொரு பேற்றுக்கும் பக்கத்திலேயே ஒரு மாதிரி வினாவையும் புள்ளித் திட்டத்தையும் எழுதினோம். வினா எழுத வராத பேறு வெட்டப்பட்டது. "விளங்கிக்கொள்வர்" எல்லாம் அப்படித்தான் போயின.

எண்ணிக்கையும் முக்கியம். இலங்கைத் தகைமைகள் சட்டகப்படி ஒரு கிரெடிட் என்பது சுயகற்றலும் சேர்த்து 50 மணித்தியாலம். 3 கிரெடிட் பாடத்துக்கு 60 பேறுகள் எழுதினால் ஒன்றுக்கு இரண்டரை மணித்தியாலம் கிடைக்கும்; 10 எழுதினால் 15. எதிர்வுகூறப் பழக்க இரண்டரை மணித்தியாலம் எங்கே காணும்?

கருத்து வழிக்கு விலையும் உண்டு. காரணம் கேட்கும் விடைகளைத் திருத்த நேரம் பிடிக்கும். எங்கள் வகுப்பு சிறியது. பல நூறு பேர் இருந்தால் பல்தேர்வு வினாக்களையே நம்ப வேண்டிவரும், அப்போது இதே அளவு பலன் கிடைக்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. மருத்துவ பீடத்தில் நான் கற்பித்ததும் இல்லை. தாதியியல் போல உடலமைப்பின் பெயர்கள் உடனே வேலைக்குத் தேவைப்படும் பாடநெறியென்றால் தொகுதிப் பட்டியலை முற்றாகக் கைவிடவும் மாட்டேன். நாங்களும் அதை விரிவுரை அட்டவணையாக வைத்திருக்கிறோம். பேறுகள் இருக்கும் பக்கத்தில் மட்டும் அதற்கு இடமில்லை.