பெல்லட் அடுப்பு: 1,400 டாலர் புகையாய்ப் போனது

வீட்டில் புகை வாடையும் போகவில்லை, என் கோபமும் போகவில்லை. சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

வீட்டைச் சூடாக்கும் பெல்லட் அடுப்பு கரண்ட் இல்லாமல் ஓடாது. பெல்லட்டை, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை உள்ளே தள்ளுவது மோட்டார், புகையை வெளியேற்றுவது ஃபேன். கரண்ட் போனால் இரண்டும் நின்றுவிடும். ஏற்கெனவே நெருப்புக் கிண்ணத்தில் விழுந்த குச்சிகள் மட்டும் புகைந்துகொண்டே இருக்கும். அந்தப் புகைக்கு ஒரு போக்கிடம் வேண்டுமே என்றுதான், பொருளை விற்று ஆள் அனுப்பிப் பொருத்தியும் தருகிற ஓர் ஆன்லைன் தளத்தில் 1,400 டாலர் கட்டினேன். இன்வர்ட்டர், பேட்டரி, புதுப் புகைக்குழாய், கூலி எல்லாம் சேர்த்து.

வந்தவர் பேச்சில் தேன் வழிந்தது. சுவரில் துளை போட்டுக் குழாயைப் படுக்கைவசமாக வெளியே விட்டார். "கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டாமா? சூடான புகை தானாக மேலே போகுமே" என்று கேட்டேன்.

"அதெல்லாம் விறகடுப்புக்குங்க. இதில் ஃபேன் தள்ளிவிடும்."

"ஃபேன் நின்றுவிட்டால்?"

"அதுக்குத்தானே இன்வர்ட்டர்!"

பிளக்கைப் பிடுங்கி இன்வர்ட்டரில் செருகினார். நெருப்பில்லாத அடுப்பில் ஃபேன் ஓடியது. "பார்த்தீங்களா?" என்று சிரித்தபடி பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். 1,400 டாலர்!

பனிப்புயலில் கரண்ட் போன ராத்திரி, ஃபேன் வண்டு மாதிரி ரீங்கரித்தது. கொஞ்ச நேரத்தில் இன்வர்ட்டர் கீச்சிட்டு அணைந்தது. அது வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலையாகத் தருகிற ப்யூர் சைன் வேவ் இல்லை, கரடுமுரடான அலையாகத் தருகிற மலிவான மாடிஃபைட் ரகம். அடுப்பின் மோட்டாருக்கும் போர்டுக்கும் ஒத்துவராதது. படுத்துக் கிடக்கிற குழாயில் இழுவை எங்கிருந்து வரும்? வெளியே காற்று எதிர்த்து அடித்ததும், சிலிகான் பசைகூடப் பூசி அடைக்காத குழாய் மூட்டிலிருந்து புகை நூல் நூலாக அறைக்குள் இறங்கியது. புகையில் இருக்கும் வாடையில்லாத விஷவாயுவைக் கண்டுபிடிக்கிற கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியதால் பிழைத்தோம். பிள்ளைகளைக் கம்பளியோடு வாரிக்கொண்டு வெளியே ஓடினோம்.

அப்புறம் ஆரம்பித்தது பந்து விளையாட்டு. தளத்தில் கேட்டால், "பொருத்தியவர் எங்கள் ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர்." அவரைக் கேட்டால், "கோளாறு உங்கள் அடுப்பில்தான்." சாட்டில் போனால், "உங்கள் பொறுமைக்கு நன்றி." நான் எப்போது பொறுமையாக இருந்தேன்? கடைசியில், திருப்பித் தரும் கெடு 30 நாள், அது முடிந்துவிட்டதாம். அந்த 30 நாளில் கரண்டே போகவில்லை, பழுது எனக்கு எப்படித் தெரியும்? 1,400 டாலரில் ஒரு காசு வரவில்லை.

விவரமாகப் பாதுகாப்புக் குறிப்பு எழுத நினைத்தேன், இப்போது மனநிலை இல்லை. அவசரமாகச் சில:

குழாய் சில அடியாவது செங்குத்தாக ஏற வேண்டும். எவ்வளவு என்று அடுப்பின் கையேட்டில் பாருங்கள், பொருத்துபவர் வாயை நம்பாதீர்கள். மூட்டுகள் எல்லாம் அடைத்திருக்க வேண்டும். இன்வர்ட்டர் ப்யூர் சைன் வேவ்தானா என்று பெட்டியிலேயே பாருங்கள். பற்றவைக்கும் சுருள் மட்டுமே 300, 400 வாட் இழுக்கும், கணினிக்கு வைக்கிற சின்ன யுபிஎஸ் அதற்குத் தாங்காது. புகையும்போது அடுப்புக் கதவைத் திறக்காதீர்கள். அலாரம் பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைக்கவே வைக்காதீர்கள், கராஜிலும் கூடாது.

முக்கியமாக, அடுப்பில் நெருப்பு இருக்கும்போது, பொருத்தியவர் பக்கத்தில் நிற்கும்போதே கரண்டை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் கையெழுத்து வேண்டாம்.

சரி, கிரெடிட் கார்டு வங்கிக்குப் புகார் எழுத வேண்டும். 1,400 டாலரை அப்படியே விட்டுவிட மாட்டேன்.