மாத நாவலா, மாயப்புனைவுத் தொகுதியா?

கோவையில் ரயில் ஏறும்போது பிரித்த க்ரைம் மாத நாவல், ஈரோடு வருவதற்குள் முடிந்துவிடும். இரண்டு கதைச்சரடு மாறி மாறி வரும். கடைசியில்தான் ஒன்று சேரும். அதனால் பாதியில் நிறுத்தினால் சுவை போச்சு. உக்கடம் பழைய புத்தகக் கடையில் வாங்கினால் கடைசித் தாளைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்தால் முதலில் கழல்வது அட்டையும் அதை ஒட்டிய தாளும்தான். கொலைகாரன் யாரென்பது அங்கேதானே இருக்கும்!

பல பாக மாயப்புனைவு (ஃபேன்டஸி) வேறு கணக்கு. குலம், நாடு, மந்திர விதி என்று அறிமுகமே நூறு பக்கம் ஓடும். பலர் மூடிவைப்பதும் அங்கேதான். கொங்கு நாட்டுப்புறக் காவியமான அண்ணன்மார் கதையில் ஆள் குறைவா என்ன? ஆனால் உடுக்கடிப் பாட்டுக்காரர் பொன்னர், சங்கர், தங்காள் உறவைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போவார். புத்தகம் சொல்லாது. எனவே துண்டுச்சீட்டில் பெயர், உறவு, முதலில் வந்த பக்கம் மூன்றையும் குறித்து, அதையே அடையாளத்துக்குச் செருகி வையுங்கள். மின்னூலில் வரைபடம் பெரும்பாலும் பொடியாகத் தெரியும். வரைபடம் உள்ள கதைக்கு அச்சுப்பிரதியே மேல்.

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் தள்ளுபடி கிடைக்கிறதே என்று மொத்தத் தொகுதியையும் அள்ள வேண்டாம். முதல் பாகம் போதும். தொடர் முடிந்துவிட்டதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.