பழைய இன்னோவால கூலண்ட் குறையுதா? மேலப்பாளையம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்

எங்க வீட்டு வண்டி 2009 இன்னோவா, டீசல், 2,70,000 கிலோமீட்டர் தாண்டியாச்சு. அப்பா வாங்குனது. வீட்டு ஆளுங்க அத்தனை பேரும் மூட்டை முடிச்சோட ஏறுனாலும் அசராம போகும், அதனால மாத்த மனசே வரல. ஆனா நாலு மாசமா கூலண்ட், அதான் இன்ஜினை ஆற வைக்கிற தண்ணி, அது மட்டும் இறங்கிக்கிட்டே இருந்துச்சு, வாரத்துக்கு அரை லிட்டர் ஊத்துவேன், தரைல பாத்தா ஒரு சொட்டு கிடையாது. ஆனி சாரலுக்கு குத்தாலம் போகும்போது ஆலங்குளம் தாண்டுனதும் ஹீட் முள்ளு ஏற ஆரம்பிச்சிட்டு. அம்மாவையும் பிள்ளைகளையும் புளியமரத்தடில உக்கார வச்சிட்டு இன்ஜின் ஆறுறதுக்கு முக்கா மணி நேரம் நின்னோம், அன்னைக்கு அம்மா முகத்தைப் பாக்கவே கஷ்டமா இருந்துச்சு.

முதல்ல காட்டுன இடத்துல பானட்டைத் திறந்து ரெண்டு நிமிஷம் பாத்துட்டு ஹெட் கேஸ்கெட் (இன்ஜினோட மேல் பாகமான ஹெட்டுக்கு அடில இருக்குற சீல்) போயிட்டு, ஹெட்டை இறக்கணும், 45,000 ஆகும்னுட்டாவ. எதை வச்சு சொல்லுதியன்னு கேட்டதுக்கு பதிலே இல்ல. அதுலதான் எனக்கு மனசு ஒப்பல.

மச்சான் சொல்லி திருநெல்வேலி மேலப்பாளையம் பக்கம் ஒரு அண்ணாச்சிகிட்ட போனேன், தகர ஷெட்டுதான், போர்டு கூட கிடையாது. போன்லயே, ராத்திரியே வண்டியை ஷெட்ல விட்டுட்டுப் போயிருங்க, காலைல ஸ்டார்ட் பண்ணாமதான் பாக்கணும்னுட்டாவ. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தா கொதிக்கிற தண்ணி முகத்துல அடிக்கும், டெஸ்ட்டும் சரியா வராதாம். காலைல ரேடியேட்டரை ஃபுல் பண்ணி, மூடிக்குப் பதிலா கேஜ் வச்ச ஒரு கைப்பம்பை மாட்டி காத்து ஏத்துனாவ. மூடிலயே எவ்வளவு அழுத்தம்னு போட்டிருக்கும், அதுக்கு மேல ஏத்துனா நல்ல ஹோஸும் பிச்சுக்கிடும்னு சொல்லிக்கிட்டே ஏத்துனாவ. பத்து நிமிஷத்துல கேஜ் முள்ளு பைய இறங்கிட்டு. எங்கயோ போகுதுன்னு உறுதியாயிட்டு.

அப்புறம் டார்ச்சும் ஒரு சின்ன முகம் பாக்குற கண்ணாடியும் வச்சுக்கிட்டு படுத்தாவ. என்னையும் குனிஞ்சு பாக்கச் சொன்னாவ. கூலண்டை இன்ஜினுக்குள்ள சுத்த விடுற வாட்டர் பம்ப் இருக்குல்ல, அதோட புல்லிக்குப் பின்னாடி ஒரு குட்டி ஓட்டை, அதுக்குக் கீழ ரோஸ் கலர்ல உப்பு பூத்த மாதிரி ஒரு கோடு. பாத்துக்கிட்டே இருக்கும்போது அந்த ஓட்டைல குண்டூசித் தலை அளவு ஒரு முத்து திரண்டு, கொஞ்ச நேரம் நின்னு, கோட்டு மேலயே வழிஞ்சுது. நாலு மாசம் நான் தேடுனது அதுதான்! பம்புக்குள்ள சீல் தேஞ்சா தண்ணி பேரிங்குக்குப் போகாம வெளிய வரட்டும்னு கம்பெனிக்காரனே விட்ட ஓட்டையாம் அது, வண்டி ஓடும்போது சொட்டுறது சூட்டுலயும் ஃபேன் காத்துலயும் காஞ்சிருது, அதான் தரைல தெரியல.

ஹெட் கேஸ்கெட்டையும் சும்மா விடல. ஆயில் ஸ்டிக்கை எடுத்து, ஆயில்ல கூலண்ட் கலந்து பால் மாதிரி வெளுத்திருக்கான்னு காட்டுனாவ, இல்ல. மூடி இல்லாம ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டர்ல விடாம குமிழ் வருதான்னு பாத்தாவ, அதுவும் இல்ல. சைலன்சர்ல வெள்ளைப் புகையும் இல்ல.

பம்பு, அதோட கேஸ்கெட், பெல்ட், கீழ் ஹோஸ் ஒண்ணு, கூலண்ட், கூலி எல்லாம் சேத்து 8,200 ஆச்சு. ஹோஸை அமுக்கிப் பாத்தப்போ நுனில வெடிப்பு விட்டிருந்துச்சு, அதையும் கேட்டுட்டுத்தான் மாத்துனாவ. பழைய பம்பைக் கைல குடுத்தாவ, உள்ள ஒரே துருவும் வெள்ளைப் படிவும். அவசரத்துக்கு போர் தண்ணியை ஊத்தி ஊத்தி அப்படி ஆயிருக்கு, அது என் தப்புதான், கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதிதான் ஊத்தணுமாம். ரேடியேட்டரையும் ரெண்டு தடவை கழுவி விட்டாவ. இப்ப ரெண்டு மாசம் ஆச்சு, பாபநாசம் மலைக்கு ஃபுல் லோடுல போய்ட்டு வந்தேன், முள்ளு பாதியை விட்டு அசையல, கூலண்ட் டேங்க்லயும் அதே அளவு நிக்கி.

குறைன்னா, ஒத்தை ஆளு, அதனால சொன்ன நாளைக்கு மறுநாள்தான் வண்டி கைக்கு வந்துச்சு, உக்கார நிழலும் கிடையாது. போறதா இருந்தா முந்தின நாளே போன் போட்டு, ராத்திரியே வண்டியை அங்க விட்டுட்டு வந்துருங்க, ஆறாத இன்ஜினை அண்ணாச்சி தொடவே மாட்டாவ.