ஓடை வரைய உயரத் தரவா, செயற்கைக்கோள் படமா?

வரைபடத்தில் ஓடைகளைக் குறிக்க, நிலத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் உயரம் சொல்லும் தரவு, மேலிருந்து எடுத்த படம், இரண்டில் எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்காக.

செலவு: இரண்டும் இலவசம்.

துல்லியம்: 2000-இல் விண்வெளி ஓடத்தின் ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவில் ஒரு கட்டம் 30 மீட்டர், ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 படத்தில் 10 மீட்டர்.

வேலை: உயரத் தரவைக் க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் போட்டால் ஓடைகள் தானாக வரும், ஸ்ட்ராலர் வரிசையோடு (கிளை ஓடை, பெரிய ஓடை என்று தரம் பிரிக்கும் எண்). படத்தில் கண்ணால் பார்த்துக் கையால் வரைய வேண்டும், முதுகு ஒடியும்.

நம்பகம்: இங்கேதான் சிக்கல். கொடைக்கானல் சரிவில் மரம் மூடிய ஓடை படத்தில் தெரியாது. உயரத் தரவு பள்ளத்தைப் பெரும்பாலும் பிடித்துவிடும். ராமநாதபுரம் சமவெளியிலோ அது கண்மாய்க் கரையைக்கூட மதிக்காமல் ஸ்கேல் வைத்தாற்போல் கோடு இழுக்கும். படத்தில் வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் கால்வாய்) சீமைக்கருவேலப் பச்சையாக வளைந்து போகும்.

சரி, மலைக்கு உயரத் தரவு, கண்மாய் நாட்டுக்குப் படம். வற்றும் ஓடையா என்று பிரிக்க மட்டும், மரம் மூடாத இடத்தில், மலையானாலும் கோடைப் படம் வேண்டும்.