லிக்விட் கூலிங், ஓவர்கிளாக் பேக்கேஜ்: 24,000 போச்சு, கார்டும் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 24,000 ரூபாய். கிராபிக்ஸ் கார்டின் விலையை இதில் சேர்க்கவில்லை, அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

என்னுடையது ஆர்டிஎக்ஸ் 3090. 350 வாட் இழுக்கும் கார்டு. சென்னைக் கோடையில் அதன் ஃபேன் சத்தம் ஹெட்செட்டைத் தாண்டிக் கேட்கும். கேமிங் பிசி கட்டித் தரும் கடை ஒன்றில், லிக்விட் கூலிங்குக்கு (தண்ணீர் ஓடவிட்டுச் சூட்டைக் குறைப்பது) மாற்றி, ஓவர்கிளாக் செய்து (கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓடவிட்டு), ஃபேன் வேகத்தையும் செட் பண்ணித் தருவதாகச் சொன்னார்கள். ரேடியேட்டர், பம்ப், பிராக்கெட், கூலி எல்லாம் சேர்த்து 24,000.

கார்டைத் திரும்ப வாங்கப் போன அன்று ஏசி அறையில், பெரிய மானிட்டரில் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் (கார்டுக்கு முழு வேலை கொடுத்துப் பார்ப்பது) ஓடவிட்டார்கள். "பாருங்க சார், 54 டிகிரி. ஃபேன் ஓடுதான்னே தெரியல" என்றார் கடைக்காரர். உண்மையிலேயே சத்தமில்லை. டீ வேறு வரவழைத்தார்கள். அந்த 54ஐப் பார்த்தால் யாருக்கும் கை பர்ஸுக்குத்தான் போகும். டெஸ்ட் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. ரேடியேட்டர் தண்ணீர் முழுசாகச் சூடேற அரை மணி நேரம் ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன?

வீட்டில் கேம் போட்டால் கொஞ்ச நேரத்தில் நொடிக்கு வரும் ஃப்ரேம் சரிகிறது. கோர், அதாவது கார்டின் மெயின் சிப், 58 டிகிரி. வெப்பநிலை காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரைத் திறந்து மெமரி ஜங்ஷன் (மெமரி சிப்பின் உள்சூடு) வரியைப் பார்த்தால் 110! அந்த அளவைத் தொட்டால் கார்டே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

விஷயம் இதுதான். தண்ணீர் குளிர்விப்பது கோரை மட்டும். 3090இல் மெமரி சிப் 24, முன்பக்கம் 12, பின்பக்கம் 12. முன்பக்கத்துக்கு ஒட்டு ஹீட்சிங்கும் பிராக்கெட்டில் ஒரு சின்ன ஃபேனும், பின்பக்கத்துக்கு வெறும் பேக்பிளேட், அதாவது கார்டின் முதுகில் இருக்கும் தகடு. அந்தச் சின்ன ஃபேனின் வேகத்தை ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேரில் கோர் வெப்பநிலையோடு கட்டி, 60க்குக் கீழே 30 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். கோர் 60ஐத் தொடவே தொடாது, ஃபேனும் வேகமெடுக்காது. தலையில் ஐஸ் வைத்துவிட்டு உடம்பில் காய்ச்சல் இல்லை என்கிற கதை. இதற்கு மேல் மெமரிக்கு +1000 மெகாஹெர்ட்ஸ் ஓவர்கிளாக் வேறு. இந்த வகை மெமரி பிழை வந்தால் தரவை மறுபடி அனுப்பிச் சமாளிக்கும். அதனால் கிராஷ் ஆகாமல் ஃப்ரேம் மட்டும் குறையும், பார்ப்பவருக்குக் காரணமே புரியாது.

கடைக்குப் போன் போட்டேன். "கோர் 58தானே சார்? அப்புறம் என்ன பிரச்சினை?" அடுத்த முறை விண்டோஸ் அப்டேட் என்றார்கள். அதற்கடுத்து, உங்கள் கேபினெட்டில் காற்றோட்டம் இல்லை என்றார்கள். அந்த கேபினெட்டை விற்றதே அவர்கள்தான்! ஃபேனை நானே 80 சதவீதத்துக்கு ஏற்றிப் பார்த்தேன். அதற்குள் திரையில் கட்டம் கட்டமாகப் புள்ளிகள் வர ஆரம்பித்துவிட்டன. கார்டோடு நேரில் போனால் ஓனர் வெளியூராம். வாட்ஸப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. கடைசியில் வந்தது ஒரே வரி: "ஓவர்கிளாக் கஸ்டமர் ரிஸ்க், கம்பெனி வாரண்டிக்குப் போங்க." கம்பெனி சர்வீஸ் சென்டரில், ஸ்க்ரூ மேல் இருந்த ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். கிழித்தது யார்? 24,000 வாங்கிய அதே கை.

விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. கோர் வெப்பநிலையை மட்டும் காட்டினால் பணம் கொடுக்காதீர்கள், மெமரி ஜங்ஷனையும் காட்டச் சொல்லுங்கள். டெஸ்ட் அரை மணி நேரமாவது ஓடட்டும், ஏசி இல்லாமல். கார்டு ஃபேன் கோரை நம்பி ஓடக்கூடாது, 60 சதவீதத்துக்குக் குறையாமல் வையுங்கள், சத்தம் வந்தால் வரட்டும். பம்ப் வேகத்தைக் குறைக்கவே விடாதீர்கள். என்னென்ன வேலை செய்தார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் "சர்வீஸ், 24,000" என்பதோடு சரி. அதை வைத்துத்தான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.