தாடையும் கன்னமும்: ஊசி போதுமா, எலும்பை வெட்ட வேண்டுமா?

முகத்தின் கீழ்ப்பகுதி அகலமாக இருக்கிறதே என்று வருந்துகிறவர்கள் முதலில் ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம். பற்களை இறுகக் கடித்தபடி, காதுக்குக் கீழே தாடை மடங்கும் இடத்தில் விரலை வையுங்கள். அங்கே கெட்டியாக ஒரு புடைப்பு எழுந்தால், அகலத்தில் நல்ல பங்கு மெல்லும் தசையுடையது. புடைப்பே இல்லாமல் விரல் எலும்பில் முட்டினால் கதை வேறு.

தசைதான் காரணம் என்றால் போடாக்ஸ் ஊசி. தசை ஓய்ந்து மெல்ல மெல்லச் சுருங்குவதால், நான்கைந்து வாரங்களுக்குப் பிறகுதான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். சுமார் ஆறு மாதத்தில் வீரியம் குறைந்துவிடும், மறுபடி போட வேண்டும். கடினமானதை மெல்லும்போது சோர்வு வரலாம். ஊசி இடம் தவறினால் சில வாரங்கள் சிரிப்பு கோணலாகும். செலவு தொடர்ந்துகொண்டே இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம் என்ற ஒரே காரணத்துக்காக, இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

எலும்பைக் குறைக்கும் அறுவை அப்படியல்ல. வெட்டியது வெட்டியதுதான். வாய்க்குள் கீறல் போடுவதால் வெளியே தழும்பு இருக்காது என்பதை விளம்பரங்கள் உரக்கச் சொல்கின்றன. கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது என்பதை அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. அது நசுங்கினால் உதடு மாதக்கணக்கில் மரத்துப்போகும். சிலருக்கு உணர்வு முழுமையாகத் திரும்புவதே இல்லை. உள்ளிருந்த எலும்பு குறைவதால் மேலிருக்கும் தோல் தொய்வதும் உண்டு. முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் மூன்று நாள் வீக்கத்தில் முகம் அடையாளம் தெரியாது. இரண்டு மூன்று வாரம் கஞ்சியும் குழைந்த சாதமும்தான். இறுதி வடிவம் தெரிய ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும்.

இந்த அறுவைக்குப் பேர்போன நகரம் தென்கொரியாவின் சோல். 2016-இல் அங்கே தாடை அறுவை செய்துகொண்ட ஒரு கல்லூரி மாணவர், கட்டுக்கடங்காத ரத்தப்போக்கால் உயிரிழந்தார். அறுவை முடியுமுன்பே தலைமை மருத்துவர் அடுத்த அறைக்குப் போய்விட்டதை மாணவரின் தாய் கண்காணிப்புக் கேமரா பதிவுகளிலிருந்து வெளிக்கொண்டுவந்து, ஆண்டுக்கணக்கில் போராடினார். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவைகளுக்கு அறையில் கேமரா இருக்க வேண்டும் என்ற சட்டம் 2021-இல் நிறைவேறி, 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 'தொடக்கம் முதல் முடிவு வரை நீங்களேதான் செய்வீர்களா?' என்று மருத்துவரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

மோவாய் உள்வாங்கி இருப்பவர்களுக்கு என் தீர்ப்பு வேறு. இங்கே மூன்று வழிகள். தோலுக்கடியில் ஊசியால் செலுத்தி மேடேற்றும் ஹயலுரானிக் அமில ஃபில்லர் எளிது. பிடிக்காவிட்டால் கரைக்கவும் மருந்து உண்டு. ஆனால் ஃபில்லர் ரத்தக்குழாய்க்குள் புகுந்தால் அந்தப் பகுதித் தோல் அழுகக்கூடும், அதனால் அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளும் விஷயமல்ல இது. மோவாய்க்குள் வைக்கும் சிலிகோன் துண்டான இம்பிளான்ட் ஒரே முறையில் வேலையை முடிக்கும், எனினும் நகர்ந்துபோகலாம், தொற்றலாம், நாளடைவில் அடியிலுள்ள எலும்பை அரிக்கலாம். மூன்றாவது, மோவாய் எலும்பையே வெட்டி முன்னே நகர்த்தி டைட்டானியம் தகட்டால் பொருத்துவது. பற்களுக்குக் கீழே சொந்த எலும்பே ஒட்டி வளர்கிறது. மேலே கீழே, பக்கவாட்டில் என்று எந்தத் திசையிலும் திருத்தலாம். உள்வாங்கல் அதிகமாக இருந்தால், நரம்பு ஆபத்தைத் தெரிந்துகொண்டே இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கன்னத்துக்கு வந்தால், மேடேற்ற ஃபில்லரோ சொந்தக் கொழுப்போ போதும். செலுத்திய கொழுப்பில் ஒரு பகுதி கரைந்துவிடும் என்பதை எதிர்பார்த்தே போக வேண்டும். கன்னத்தின் உட்கொழுப்பை எடுத்துவிடும் மோகம்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. வயது ஏற ஏற முகத்துக் கொழுப்பு தானாகவே வற்றும். இருபத்திரண்டில் எடுத்தவருக்கு நாற்பதில் கன்னம் ஒடுங்கிப்போகலாம்.

மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்தாமல் இருந்தால் இவை எதுவும் முதல் வேலையல்ல. பல் சீரமைப்பு மருத்துவரையும் தாடை அறுவை மருத்துவரையும் சேர்த்தே பாருங்கள். கம்பி போட்டுப் பல்லை ஒழுங்காக்கிப் பிறகு தாடையை நகர்த்த ஓராண்டுக்கு மேல் பிடிக்கலாம். அதைச் செய்த பலருக்கு மோவாயைத் தனியே திருத்தும் தேவையே இருப்பதில்லை.