கோப்புத் தேடலில் பி-மரம்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

ஸ்கேன் செய்த ஆவணங்களின் பெயர், தேதி, கோப்புறைப் பாதை ஆகியவற்றை எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் பதிந்து, அதன் இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் வரிசைப்பட்டியல்) வழியாகவே கோப்புகளைத் தேடும் முறையைப் பல ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறேன். அந்த இண்டெக்ஸின் அடித்தளம், போயிங் ஆய்வகத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரெய்ட்டும் வடிவமைத்து, 1972-இல் ஆய்விதழில் வெளியான பி-மரம் என்னும் தரவு அமைப்பு.

பத்து லட்சம் பெயர்களைச் சமநிலை இரும மரத்தில் (ஒவ்வொரு கணுவும், அதாவது கிளை பிரியும் இடமும், இரண்டாகப் பிரியும் அமைப்பில்) வைத்தால், ஒன்றைக் கண்டறிய ஏறத்தாழ 20 படிகள் இறங்க வேண்டும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்தட்டில் சுழற்சிக்கான காத்திருப்பு மட்டுமே சராசரியாக 4 மில்லி விநாடி என்பதால், படிதோறும் வட்டைத் தொடுவது கட்டுப்படியாகாது. பி-மரத்தில் ஒரு கணு என்பது ஒரு வட்டுப் பக்கம். 4096 பைட் பக்கத்தில் 40 பைட் அளவுள்ள திறவுகள் (தேடப் பயன்படும் மதிப்புகள்) சுமார் நூறு அடங்கும் என்றால், மூன்றே அடுக்குகளில் பத்து லட்சத்தை எட்டிவிடலாம். மேல் அடுக்குகள் பெரும்பாலும் நினைவகத்திலேயே தங்கிவிடுவதால், பட்டியல் பலமடங்கு பெருகிய பிறகும் தேடும் நேரம் கூடியதாக எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கணக்கு திறவின் நீளத்தைப் பொறுத்தது. முழுப் பாதையையே திறவாக வைத்தால் பக்கத்துக்கு அடங்கும் எண்ணிக்கை குறைந்து மரம் ஆழமாகும் என்பதால், கோப்புறைகளுக்குத் தனி அட்டவணையில் எண் கொடுத்து, அந்த எண்ணும் கோப்புப் பெயரும் சேர்ந்த கூட்டு இண்டெக்ஸை அமைத்திருக்கிறேன். எந்த மரம் என்பதைவிட எது திறவு என்பதே முக்கியம் என்பது என் கருத்து.

வரிசைப்படி அடுக்கப்பட்டிருப்பதால், இரு தேதிகளுக்கு இடைப்பட்டவற்றையும் ஒரே முன்னொட்டில் தொடங்கும் பெயர்களையும் எடுப்பது எளிது. பெயரின் நடுவில் வரும் சொல்லைத் தேடினால் அந்த வரிசை உதவாது. முழுப் பட்டியலையும் வாசிக்க நேரும். அதற்கு எஸ்க்யூலைட்டின் எஃப்டிஎஸ்5 என்னும் முழு உரைத் தேடல் வசதியைத் தனியாக வைத்துக்கொள்வதே நல்லது.

தமிழ்ப் பெயர்கள் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஸ்க்யூலைட்டின் இயல்பு ஒப்பீடு, எழுத்துகளுக்கு யுனிகோடு தரும் எண்வரிசையைப் பின்பற்றுவதால், பட்டியலில் 'ன' வரிசை 'ந'வுக்கு அடுத்தே வந்துவிடும். 'க்' என்பது 'கௌ'வுக்கும் பின்னால் நிற்கும். தேடலில் பிழை நேராது. ஆனால் அகரவரிசையில் காட்ட மொழிக்கேற்ற வரிசைமுறை தரும் ஐசியூ நிரல் நூலகத்தின் ஒப்பீட்டை இணைத்தாக வேண்டும்.